24 வோல்ட்தானே என்று சொல்லாதீர்கள்

வேக்கம் ஃபர்னஸ் நிறுவுகிற இடங்களில் கடைசியாக மாட்டப்படுவது பெரும்பாலும் வேக்கம் சென்சார்தான். சேம்பரை இறக்கி, பம்புகளை உட்கார வைத்து, தண்ணீர்க் குழாய் இழுத்து, ஹீட்டர் கேபிள்களை முறுக்கி முடித்த பிறகு, பேனல் கதவைச் சாத்தப் போகிற நேரத்தில் அதைப் பெட்டியிலிருந்து எடுப்பார்கள். ஆட்கள் களைத்திருப்பார்கள். முதலாளி பக்கத்தில் நின்று மணி பார்த்துக்கொண்டிருப்பார். "சென்சார்தானுங்க சார், 24 வோல்ட். பத்து நிமிஷத்துல மாட்டிரலாம்" என்பார் எலெக்ட்ரீஷியன். அங்கே நிற்கிற எஞ்சினியர் உட்பட யாரும் அதை மறுத்துப் பேசுவதில்லை.

கோவையில் கேட்கிற இதே பேச்சு ஓசூரிலும் அம்பத்தூரிலும் கேட்கும். இதற்கு அடியில் மூன்று நம்பிக்கைகள் இருக்கின்றன. 24 வோல்ட் யாரையும் ஒன்றும் செய்யாது. வேக்கம் உறிஞ்சத்தான் செய்யும், வெடிக்காது. திரையில் எண் வந்துவிட்டால் வயரிங் சரி. மூன்றுமே தவறு. இவற்றை நம்பித்தான் பல பட்டறைகளில் மனிதர்கள் தினமும் சேம்பருக்கு முன்னால் நிற்கிறார்கள் என்பதால், இதை வெறும் தொழில்நுட்பக் கருத்து வேறுபாடாக என்னால் விட்டுவிட முடியவில்லை.

வேக்கம் வெடிக்காது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பழியைத் தொழிலாளி தலையில் மட்டும் போட முடியாது. பாய்லருக்கு 1923லேயே தனிச் சட்டம் வந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 31ஆம் பிரிவில் அழுத்தக் கலன்களைப் பற்றிப் பேசியது. ஆனால் வளிமண்டல அழுத்தத்துக்கு மேலே இயங்குகிறவற்றைப் பற்றித்தான் பேசியது. வளிமண்டலத்துக்குக் கீழே இயங்குகிற கலன் அந்தப் பிரிவின் பார்வையில் படவே இல்லை. பாய்லர் என்றதும் சான்றிதழ், சோதனை, தகுதி பெற்ற ஆள் என்று நினைக்கப் பழகிய நம் தொழிற்சாலைகள், வேக்கம் என்றதும் தளர்ந்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கணக்கைப் பாருங்கள். காற்று நம் மேல் ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் ஏறக்குறைய ஒரு கிலோ எடையுடன் அழுத்துகிறது. 60 செ.மீ. விட்டமுள்ள ஒரு சேம்பர் கதவின் மீது, உள்ளே காற்றை எடுத்துவிட்டால், சுமார் 2.9 டன் வெளியிலிருந்து அழுத்தும். 10 செ.மீ. விட்டமுள்ள பார்வைக் கண்ணாடியின் மீது 80 கிலோ. இந்த விசை கதவை மூடிய நிலையிலேயே வைத்திருப்பதால், பல சேம்பர்களில் கதவுக்கு வலுவான பூட்டு கிடையாது. ஓ-ரிங்கை முதலில் அமர்த்துவதற்கு ஒரு லேசான கிளாம்ப் போதும் என்று வடிவமைத்திருப்பார்கள். உள்ளே அழுத்தம் வெளியைவிடக் கூடினால் என்ன ஆகும் என்பதற்கு அந்தக் கிளாம்ப் பதில் சொல்லாது. வெறும் 0.2 பார் கூடினாலே அதே கதவை 570 கிலோவுக்கு மேற்பட்ட விசை வெளியே தள்ளும்.

சரி, வேக்கம் சேம்பருக்குள் அழுத்தம் ஏன் கூடப் போகிறது? சென்சார் சொல்லித்தான் கூடும். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். நான் அறிந்தவரை மிகக் குறைவாகப் பேசப்படுகிற ஆபத்து இதுதான்.

நம் பட்டறைகளில் அதிகம் மாட்டப்படுவது பிராணி வகை கேஜ். பெர்லினில் சீமென்ஸ் ஹால்ஸ்கே மின்விளக்குத் தொழிற்சாலையில் வேலை பார்த்த மார்செல்லோ பிராணி 1906இல் உருவாக்கியது. உள்ளே ஒரு மெல்லிய கம்பி. அதில் மின்சாரம் பாய்ச்சிச் சூடாக்குகிறார்கள். சுற்றியிருக்கும் வாயு அந்தச் சூட்டை எடுத்துச் செல்கிறது. வாயு குறையக் குறைய, எடுத்துச் செல்லப்படும் சூடும் குறைகிறது. அந்தக் குறைவை வைத்துத்தான் கருவி அழுத்தத்தைக் கணிக்கிறது. அதாவது பிராணி கேஜ் நேரடியாக அழுத்தத்தை அளப்பதில்லை. வாயு எவ்வளவு சூட்டைக் கடத்துகிறது என்பதை அளந்து, அந்த வாயு நைட்ரஜன் அல்லது காற்று என்று எடுத்துக்கொண்டு, ஓர் எண்ணைக் காட்டுகிறது.

இப்போது சேம்பருக்குள் ஆர்கானை விடுங்கள். ஆர்கானின் வெப்பக் கடத்துதிறன் நைட்ரஜனுடையதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். கம்பியிலிருந்து சூடு குறைவாகப் போகிறது. வேக்கம் இன்னும் ஆழமாக இருக்கிறது என்று கருவி நினைத்துக்கொள்கிறது. குறைந்த அழுத்தங்களில் இந்தப் பிழை ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல், பொறுத்துக்கொள்ளலாம். வளிமண்டல அழுத்தத்தை நெருங்கும்போது நிலைமை அடியோடு மாறுகிறது. வாயுவின் சுழற்சியையும் பயன்படுத்தி 1,000 டார் வரை அளக்கிற மேம்பட்ட பிராணி கேஜ்களைத்தான் இன்று பரவலாக விற்கிறார்கள். இவற்றை நைட்ரஜனுக்கு அளவுதிருத்தம் செய்துவிட்டு ஆர்கானில் வைத்தால், உள்ளே உண்மையில் 760 டார், அதாவது முழு வளிமண்டல அழுத்தம் இருக்கும்போது, திரை காட்டுவது 20 டாருக்குச் சற்று மேலே ஓர் எண்.

ஆர்கான் வால்வைத் திறந்து வைத்திருக்கிற ஆளின் இடத்தில் நின்று பாருங்கள். வேலை முடிந்தது, சேம்பரை ஆர்கானால் நிரப்பிக் குளிரவைக்க வேண்டும். திரை 760 காட்டியதும் வால்வை மூடச் சொல்லியிருக்கிறார்கள். திரை 20ஐத் தாண்டியபோதே சேம்பர் நிரம்பிவிட்டது. ஆனால் அவர் காத்திருக்கிறார், ஏனென்றால் எண் இன்னும் எங்கோ கீழே இருக்கிறது. சிலிண்டர் ரெகுலேட்டர் 2 பாருக்கோ 3 பாருக்கோ வைக்கப்பட்டிருந்தால், சேம்பரும் அதை நோக்கித்தான் ஏறும். அவர் நிற்பது பார்வைக் கண்ணாடிக்கு நேர் எதிரில்.

இதில் கருவிக்குப் பழுது இல்லை, வயர் அறுந்துபோகவில்லை, எண்ணும் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது. "எண் வந்துவிட்டால் சரி" என்று சொல்பவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? தயாரிப்பாளர்களின் கையேடுகள் இந்த எச்சரிக்கையைப் பல பத்தாண்டுகளாகத் தடித்த எழுத்தில் அச்சிட்டு வருகின்றன. "அதெல்லாம் வக்கீலுக்குப் பயந்து கம்பெனிக்காரன் எழுதுறது சார்" என்று அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்தப் பக்கத்தை வக்கீலுக்காக எழுதவில்லை. அது ஆர்கானின் குணம். எந்த நீதிமன்றமும் இல்லாத ஊரிலும் அந்தத் திரை அதே எண்ணைத்தான் காட்டும்.

தீர்வு கடினமானதல்ல. வாயுவால் நிரப்புகிற வேலைக்கு, வாயு எதுவானாலும் அழுத்தத்தை நேரடியாக உணர்கிற டயாஃப்ரம் வகை சென்சாரை மாட்ட வேண்டும். மெல்லிய தகடு வளைவதை அளக்கிற பீசோ அல்லது கெப்பாசிட்டன்ஸ் வகை எதுவானாலும் சரி. சேம்பரில் ஒரு ரிலீஃப் வால்வு இருக்க வேண்டும். ரெகுலேட்டரைச் சேம்பர் தாங்குகிற அழுத்தத்துக்கு மேல் போக விடக் கூடாது. பிராணியை அதற்குரிய இடத்தில், பம்ப் இழுக்கும் கட்டத்தைக் கண்காணிக்க வைத்துக்கொள்ளலாம். எந்தச் சென்சாரை எந்த வாயுவுக்கு எந்த வரம்புக்கு மாட்டுவது என்ற இந்த முடிவு, பேனல் கதவு சாத்துகிற நேரத்தில் எடுக்கிற முடிவா? பத்து நிமிஷ வேலை என்று சொல்லும்போதே இந்தக் கேள்வியைக் கேட்கிற வாய்ப்பு மூடப்பட்டுவிடுகிறது. அதனால்தான் அந்தச் சொல்லை நான் எதிர்க்கிறேன்.

அடுத்தது 24 வோல்ட். உலர்ந்த கையால் தொட்டால் 24 வோல்ட் டிசி ஆளைக் கொல்லாது என்பது உண்மை. ஆனால் வேக்கம் சென்சாரில் 24 வோல்ட் என்பது உள்ளே போகிற மின்சாரம் மட்டும். அதிக வேக்கத்துக்குப் பயன்படும் பென்னிங் வகை கேஜில், அந்த 24 வோல்ட்டிலிருந்து ஏறத்தாழ 2,000 முதல் 4,000 வோல்ட் வரை அந்தச் சின்ன டப்பிக்குள்ளேயே உருவாகிறது. ஹாட் கேதோடு வகையில் கிரிட்டுக்கு 180 வோல்ட் டிசி. ஒட்டிய வாயுவை விரட்ட எலெக்ட்ரான்களால் சூடேற்றும்போது பல நூறு வோல்ட். கேபிளின் ஒரு முனையில் இருக்கும் எண்ணைப் பார்த்து இரண்டாவது முனையையும் தீர்மானிக்கிறோம். பென்னிங் கேஜில் வலுவான காந்தமும் உண்டு. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் அதைக் கையில் எடுக்கவே கூடாது என்பதை எத்தனை பட்டறையில் சொல்லியிருப்பார்கள்?

"உள்ளே எவ்வளவு இருந்தா என்னங்க, நடுவுல வேக்கம் இருக்குதே, கரண்டு தாண்டாதே" என்பார்கள். நல்ல ஆழமான வேக்கம் மின்சாரத்தைத் தடுக்கும், சரிதான். ஆனால் எந்தச் சேம்பரும் வளிமண்டலத்திலிருந்து ஆழ்ந்த வேக்கத்துக்கு ஒரே தாவலில் போவதில்லை. நடுவில் ஓர் ஆபத்தான பகுதி உண்டு. ஃபிரெடரிக் பாஷன் 1889இல் இதைக் கண்டு எழுதினார். சாதாரணக் காற்றில் ஒரு செ.மீ. இடைவெளியை மின்பொறி தாண்ட ஏறக்குறைய 30,000 வோல்ட் வேண்டும். அதே இடைவெளியில் காற்றின் அழுத்தத்தை ஒரு மில்லிபாருக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்துவிட்டால், 330 வோல்ட்டே போதும். நூற்றில் ஒரு பங்கு. வேக்கம் ஃபர்னஸ்களில் ஹீட்டருக்குப் பெரும்பாலும் 100 வோல்ட்டுக்கும் குறைவாகக் கொடுத்து, ஆயிரக்கணக்கான ஆம்பியரைத் தடித்த செம்புப் பட்டைகளில் கொண்டுபோவதற்கு இதுவும் ஒரு காரணம். ஃபர்னஸ் வடிவமைப்பாளர் ஹீட்டரில் எடுத்துக்கொண்ட அந்த அக்கறையை, சென்சார் மாட்டுகிற நாம் கைவிடுகிறோம்.

அந்த நடுப் பகுதியில் வாயு மின்சாரத்தை ஏறக்குறைய செம்புக் கம்பி போலவே கடத்தக்கூடியது. கேஜுக்குள்ளேயோ, சேம்பருக்குள் இருக்கிற வேறு ஏதாவது உயர் மின்னழுத்த இணைப்பிலோ இருக்கிற மின்சாரம், வாயு வழியாகவே வந்து, எர்த் ஆகாத எந்த உலோகத்திலும் ஏறி உட்காரும். அந்த உலோகம் கேஜின் வெளி உடலாக இருந்தால், அதைத் தொடுகிற கை அதற்கு எர்த் ஆகிவிடுகிறது.

கேஜின் உடல் எர்த் ஆகாமல் எப்படிப் போகும், சேம்பரோடு சேர்ந்துதானே இருக்கிறது என்று கேட்கலாம். அந்த இணைப்பைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். கேஜின் ஃபிளாஞ்சுக்கும் சேம்பரின் ஃபிளாஞ்சுக்கும் நடுவில் இருப்பது ரப்பர் ஓ-ரிங். அது மின்சாரத்தைக் கடத்தாது. ஓ-ரிங்கைத் தாங்குகிற நடு வளையமும், வெளியே இறுக்குகிற கிளாம்பும் உலோகமாக இருந்தால்தான் தொடர்பு கிடைக்கும். பிளாஸ்டிக் கிளாம்ப் மலிவாகக் கிடைக்கிறது என்று போட்டால், பளபளக்கும் எஃகு உடல் ஒன்று சேம்பரில் உட்கார்ந்திருக்கும், ஆனால் மின்சாரக் கணக்கில் அது அந்தரத்தில் தொங்கும்.

தெரியாமல் நடப்பதைவிட, தெரிந்தே செய்வதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. பம்புக்கு வேக மாற்றி டிரைவ் போட்டிருப்பார்கள். அதன் கேபிளும் சென்சார் கேபிளும் ஒரே டிரேயில் ஓடும். டிரைவ் ஓட ஆரம்பித்ததும் திரையில் எண் குதிக்கும். "நாய்ஸ் வருது" என்பார்கள். யாராவது ஒருவர் எர்த்தைக் கழற்றிப் பார்ப்பார், எண் அமைதியாகிவிடும். பிரச்சினை தீர்ந்தது என்று பிளாஸ்டிக் கிளாம்ப், பிளாஸ்டிக் வளையம் எல்லாம் போட்டுக் கேஜைச் சேம்பரிலிருந்து துண்டித்தே வைத்துவிடுவார்கள். இதை ஒரு நுணுக்கமான வித்தையாகச் சின்னப் பையன்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். எண் நிலையாக நிற்பதற்காக ஒரு மனிதனின் பாதுகாப்பைக் கழற்றி வைக்கிற வேலை இது என்று யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

இங்கே இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். கேபிளைச் சுற்றியிருக்கிற ஷீல்டு சிக்னலுக்காக இருக்கிறது. கேஜ் உடலின் எர்த் ஆளுக்காக இருக்கிறது. ஷீல்டைத் தயாரிப்பாளர் சொல்கிறபடி ஒரு முனையில், வழக்கமாகப் பேனல் பக்கத்தில், மட்டும் கட்டுவது நியாயம். அப்படிச் செய்தால் பல இடங்களில் குதிப்பு அடங்கிவிடும். உடலின் எர்த்தைக் கழற்றுவதற்கு எந்த நாய்ஸும் நியாயமாகாது. டிரைவ் கேபிளை வேறு டிரேக்கு மாற்றுங்கள், முறுக்கிய ஜோடிக் கம்பி போடுங்கள், இரண்டும் குறுக்கே போகத்தான் வேண்டும் என்றால் செங்குத்தாகக் கடக்க விடுங்கள். இவையெல்லாம் கொஞ்சம் வியர்வை கேட்கும். எர்த்தைக் கழற்றுவது ஒரு ஸ்க்ரூடிரைவர் வேலை. அதனால்தான் அது பரவுகிறது.

பழைய டிவி மெக்கானிக்குகளை நினைத்துப் பார்க்கிறேன். கலர் டிவியின் படக்குழாய் ஒரு வேக்கம் கலன். அதன் அனோடில் 25,000 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம். டிவியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகும், அனோடு தொப்பியை எர்த்துக்கு டிஸ்சார்ஜ் செய்யாமல் அவர்கள் கை வைக்க மாட்டார்கள். குழாயைக் கழுத்தைப் பிடித்துத் தூக்க மாட்டார்கள். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள்கூட இதைச் செய்தார்கள், ஏனென்றால் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த குரு முதல் நாளே அதைச் சொல்லியிருந்தார். வேக்கமும் உயர் மின்னழுத்தமும் ஒரே கூட்டுக்குள் இருந்தால் எப்படி நடந்துகொள்வது என்பது நம் ஊரில் தெரு முனைக் கடைகளில் தெரிந்திருந்த ஞானம். நம் தொழிலாளிக்கு இதெல்லாம் புரியாது என்று சொல்பவர்கள் அந்தக் கடைகளை மறந்துவிட்டார்கள்.

இன்னொரு பொறி, வயர் அறுந்தால் என்ன ஆகும் என்பது. பல வேக்கம் டிரான்ஸ்மிட்டர்கள் 0 முதல் 10 வோல்ட் வரை சிக்னல் தருகின்றன. அழுத்தம் பத்து மடங்கு குறைந்தால் வோல்ட்டேஜ் ஒரு படி இறங்குகிற மாதிரி அமைத்திருப்பார்கள். குறைந்த வோல்ட் என்றால் நல்ல வேக்கம். அப்படியானால் கம்பி அறுந்து பூஜ்யம் வோல்ட் வந்தால்? எந்திரத்தை இயக்குகிற பிஎல்சி கன்ட்ரோலரின் புரோகிராமில் அதைத் தனியாகக் கவனிக்காவிட்டால், எந்திரம் அதை மிக ஆழ்ந்த வேக்கமாக எடுத்துக்கொள்ளும். சேம்பருக்குள் முழுக் காற்று இருக்கும்போதே, வேக்கம் தயார் என்று ஹீட்டருக்கு அனுமதி கொடுக்கும். கிராஃபைட் ஹீட்டர் சூடான காற்றில் எரிந்து கரையும். மாலிப்டினம் ஆக்சைடாகி, வெண்புகையாகச் சேம்பர் சுவர் முழுவதும் படியும். பல லட்சம் ரூபாய் ஹாட் சோன் ஒரே இரவில் போய்விடும். டிஃப்யூஷன் பம்பில் கொதிக்கிற எண்ணெய் இருந்து, அதன் வால்வும் திறந்து, காற்றும் உள்ளே வந்தால் தீப்பிடிக்கவும் வழி உண்டு.

இதைத் தயாரிப்பாளர்கள் நினைக்காமல் இல்லை. பலர் சிக்னலின் அடிப்பகுதியை, உதாரணத்துக்கு அரை வோல்ட்டுக்குக் கீழே இருப்பதை, பழுதுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். 4–20 மில்லி ஆம்பியர் முறையில் அளவு 4இல் தொடங்குவதற்கு ஒரு முக்கியக் காரணமே இதுதான்: பூஜ்யம் வந்தால் கம்பி அறுந்தது என்று தெரிய வேண்டும். தொழிற்சாலைக் கருவிகளைப் பயன்படுத்துவோரின் நாமூர் அமைப்பு வெளியிட்ட என்ஈ 43 பரிந்துரை 3.6 மில்லி ஆம்பியருக்குக் கீழே, 21க்கு மேலே என்றால் பழுது என்று வரையறுத்திருக்கிறது. ஆனால் நம் புரோகிராமர் 4க்குக் கீழே வருகிற எல்லாவற்றையும் 4 என்று வெட்டிவிடுகிறார். திரையில் அசிங்கமாக மைனஸ் எண் வரக் கூடாது என்பதற்காக. கருவி செய்தவர் கவனத்தோடு வைத்த எச்சரிக்கையை ஒரே வரியில் அழித்துவிடுகிறோம். வயரிங்கும் புரோகிராமும் தனித்தனி ஆட்களின் வேலை என்பதால், இந்த வரி யார் கண்ணிலும் படுவதில்லை. சென்சார் மாட்டுகிறவர் இதைக் கேட்க வேண்டும். அவருக்கு உரிமை உண்டு என்று நாம் சொல்லித்தர வேண்டும்.

உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில வேக்கம் சுவிட்சுகள் வெளிக் காற்றோடு ஒப்பிட்டு அளப்பவை; சில முழுமையான பூஜ்யத்திலிருந்து அளப்பவை. கடலோரச் சென்னையில் காற்றின் அழுத்தம் சுமார் 1,010 மில்லிபார். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் அது 775 மில்லிபார் அளவில்தான் இருக்கும். சென்னையில் மைனஸ் 0.8 பாருக்குச் சரிசெய்து அனுப்பிய ஒப்பீட்டு வகை சுவிட்ச், ஊட்டியில் என்ன பம்ப் வைத்து இழுத்தாலும் இயங்காது. அங்கே இழுப்பதற்கு அவ்வளவு காற்றே இல்லை. எந்திரம் ஓடாது. பம்ப் சரியில்லை என்பார்கள், லீக் தேடுவார்கள். கடைசியில் யாரோ ஒருவர் சுவிட்சின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்து ஜம்பர் அடித்துவிட்டுப் போவார். எந்திரம் ஓடும். அந்த ஜம்பர் அதற்குப் பிறகு வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும், பேனலின் வரைபடத்தில் அது இல்லாமலே. தவறாகத் தேர்ந்தெடுத்த சென்சார் ஒன்று, நல்ல தொழிலாளியைப் பாதுகாப்பைத் துண்டிக்கிறவனாக மாற்றிவிடுகிறது.

அந்தச் சுவிட்சிலேயே இன்னொன்று. சென்சாருக்குக் கொடுப்பது 24 வோல்ட்தான். ஆனால் அதன் ரிலே முனைகள் வழியாகக் கான்டாக்டர் காயிலுக்கு 230 வோல்ட் போவது நம் ஊரில் சாதாரணம். 24 வோல்ட் எம்சிபியை மட்டும் இறக்கிவிட்டு, ஆபத்தில்லை என்று பிளக்கைப் பிரிக்கிற ஆளின் விரலுக்குப் பக்கத்திலேயே அந்த 230 இருக்கிறது. கான்டாக்டரையும் 24 வோல்ட்டுக்கு மாற்றிவிட்டால் இந்தக் கவலையே போய்விடும்.

"இருபது வருஷமா இப்படித்தான் மாட்டுறோம், ஒண்ணும் ஆகலையே" என்பதுதான் கடைசியாக வருகிற வாதம். அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த வகைப் பிழைகள் தினமும் தலைகாட்டுகிறவை அல்ல. எர்த் இல்லாத கேஜ், மின்சாரம் அதன் உடலில் ஏறுகிற அந்த நாள் வரை, எர்த் உள்ள கேஜைப் போலவே வேலை செய்யும். பூஜ்யத்தை வேக்கமாக நினைக்கிற புரோகிராம், கம்பி அறுகிற நாள் வரை குறையில்லாமல் ஓடும். நைட்ரஜன் மட்டும் பயன்படுத்துகிற வரை பிராணி யாரையும் ஏமாற்றாது. புதிய ஆர்டருக்காக ஒரு நாள் ஆர்கான் சிலிண்டர் வந்து இறங்கும். ஒன்றும் ஆகாத இருபது வருஷம் அந்த நிலைமை வரவில்லை என்பதற்கு மட்டும்தான் சாட்சி.

செலவைப் பற்றிப் பேசுகிற சிறு பட்டறைக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மின்கட்டணமும் கடன் தவணையும் அவர்களை நெருக்குவது தெரியும். ஆனால் நான் கேட்பவை, டயாஃப்ரம் சென்சார் ஒன்றைத் தவிர, பெரிய செலவுகள் அல்ல. உலோகக் கிளாம்ப். கேஜ் உடலிலிருந்து எர்த் பட்டைக்கு ஒரு பின்னல் செம்புக் கம்பி. அதன் லக்கு உட்காருகிற இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, பல்லுள்ள வாஷர் போட்டு முறுக்கியது. பிரிந்த செம்பு இழை ஒன்றுகூட வெளியே நீட்டாமல் ஃபெருல் போட்டு அழுத்திய முனைகள். எண்ணெயும் தூசியும் உள்ளே விழாதபடி, கேஜின் வாய் கீழ்நோக்கி இருக்கிற இடம். சேம்பரில் வெல்டிங் செய்வதற்கு முன் சென்சார் கேபிளைக் கழற்றி வைக்கிற பழக்கம். இல்லையென்றால் வெல்டிங் கரண்டின் ஒரு பங்கு ஷீல்டு வழியாகத் திரும்பும். சேம்பருக்குள் காற்றை விட்டு, டிஃப்யூஷன் பம்ப் ஆறிய பிறகே கேஜைக் கழற்றுகிற பொறுமை. ஆர்கான் நிரம்பிய சேம்பருக்குள் தலையை நுழைக்காமல் இருப்பது. காற்றைவிடக் கனமான அது அடியில் தங்கும், அதற்கு நிறமும் இல்லை மணமும் இல்லை.

இன்று நம் பட்டறைகளில் இரவு ஷிப்டில் ஃபர்னஸ் பக்கம் நிற்பவர் பெரும்பாலும் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த இளைஞர். ஆங்கிலக் கையேடு அவருக்குப் புரியாது. தமிழில் எழுதி ஒட்டினாலும் புரியாது. அவருக்குத் தெரிந்த ஒரே மொழி அந்தத் திரையில் ஓடுகிற எண். அதை நம்பித்தான் வால்வைத் திறக்கிறார், கதவைத் திறக்கிறார். அந்த எண்ணை உண்மையாக வைத்திருப்பது மாட்டுகிற நம் கையில்தான் இருக்கிறது. பத்து நிமிஷம் என்று நாம் சொல்லும்போது, மிச்சப்படுத்துகிற நேரம் நம்முடையது. அதற்கான ஆபத்து அவருடையது. இந்தக் கணக்கு எனக்கு ஒருபோதும் நியாயமாகப் பட்டதில்லை.

ஆகவே ஒப்படைப்பு நாளில் கடைசி ஒரு மணி நேரத்தைச் சென்சாருக்கு ஒதுக்குங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கேஜ் உடலிலும் மறு முனையைப் பேனல் எர்த் பட்டையிலும் வையுங்கள். ஒரு ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். பயன்படுத்தப் போகிற அதே வாயுவால் ஒரு முறை மெதுவாக நிரப்பி, திரையையும் சாதாரண டயல் கேஜையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு காலிச் சேம்பரில், ஹீட்டரைக் குறைந்த சூட்டில் ஓடவிட்டு, முதலாளியும் ஆபரேட்டரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பேனல் டெர்மினலில் சென்சாரின் சிக்னல் கம்பியை, அதை மட்டும், கழற்றுங்கள். அலாரம் அடித்து ஹீட்டர் உடனே அணைய வேண்டும். அணையவில்லை என்றால் அன்று கையெழுத்துப் போடாதீர்கள். வண்டி காத்திருந்தாலும், வாடிக்கையாளர் முகம் சுளித்தாலும், பேனலைத் திறந்து மறுபடி உட்காருங்கள்.